கேம்பிரிட்ஜ்னு பேரு மட்டும் போதுமா?

கும்பகோணம் அரசு கலைக் கல்லூரின்னு பேச்சு எடுத்தாலே "தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்"னு நம்ம ஊர்க்காரங்க காலரைத் தூக்கி விட்டுக்குவாங்க. 1854-ல ஆரம்பிச்சது, ராமானுஜன் படிச்சது. பெருமைதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரிஜினல் கேம்பிரிட்ஜ்ல வெறும் படிப்பு மட்டுமா? 1829-ல ஆக்ஸ்ஃபோர்டோட படகுப் போட்டி. 1848-ல மாணவர்களே உட்கார்ந்து கால்பந்துக்கு விதி எழுதினாங்க. 1874-ல ஆக்ஸ்ஃபோர்டோட கால்பந்து மேட்சும் ஆரம்பம். இதுல எதை நாம எடுத்துக்கிட்டோம்?

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்"னு தப்பிக்காதீங்க. யாழ்ப்பாணத்தைப் பாருங்க. மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் (பேருதான் கல்லூரி, ரெண்டும் பள்ளிக்கூடம்) நடக்கிற கிரிக்கெட் மேட்ச் 1904-ல ஆரம்பிச்சது. ராமானுஜன் இங்க காலேஜ்ல சேர்ந்த அதே வருஷம்! போர்ல சில வருஷம் நடக்கலை. ஆனாலும் விட்டாங்களா? இன்னிக்கும் கொடி, பாட்டு, ஆட்டம்னு பழைய மாணவர்கள் கூடிடறாங்க.

நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜ்ல கிரவுண்டை அதிகமா யூஸ் பண்ணது காலேஜ் பஸ்தான் :-) டீம்ல ஆடுறவனுக்கு அட்டெண்டன்ஸ் கட். ஜெயிச்சா நோட்டீஸ் போர்டுல ஒரு பேப்பர், அடுத்த வாரம் அதுவும் குப்பையில.

கோடி ரூபாய் ஸ்டேடியமா கேட்கிறேன்? நாற்பது கிலோமீட்டர்ல தஞ்சாவூர் சரபோஜி காலேஜ் இருக்கு. வருஷத்துல ஒரே தேதி, ஒரு ஃபுட்பால், ஸ்கோர் எழுதி வைக்க ஒரு நோட்டு. போதும். சென்னைக்கும் பெங்களூருக்கும் பொட்டி தட்டப் போனவன் காலேஜ் பக்கம் திரும்பி வர, டிரான்ஸ்கிரிப்ட் வாங்கறதைத் தவிர வேற ஒரு காரணம் வேணாமா?