பேனை போகாத உள்ளறை

'அந்தக் காலத்தில் சீதனமுமில்லை, அந்தஸ்தும் பார்ப்பதில்லை' என்று நம் எழுத்தாளர் சிலர் கதைக்குக் கதை பெருமூச்சு விடுகிறார்கள். எந்தக் காலத்தில் என்று கேட்கிறேன்.

1987இல் களனியில் எங்கள் ராத்தாவுக்குக் காவின் நடந்தது. அவர் விரும்பியது ஓர் ஒஸ்தா வீட்டுப் பிள்ளையை. 'குபூ இல்லை' என்ற ஒரே சொல்லில் அந்தப் பேச்சு முடிந்தது. வந்தவர் அரச உத்தியோகத்தர். அவருக்குக் கைக்கூலியும் கொட்டாஞ்சேனையில் ஒரு வீடும் கொடுத்தோம். மாப்பிள்ளை, வாப்பா, சாட்சிகள் என்று ஒவ்வொருவருக்கும் பேனையை எடுத்துக் கொடுத்தவன் நான். உள்ளறைக்கு அது போகவில்லை. போக வேண்டுமென்று எனக்குத் தோன்றவுமில்லை.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. ஆனால் கைக்கூலியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அதைக் காதியிடம் வழக்கிட்டு மீளப் பெறவும் வழி வைத்தது. பணத்துக்கு இருந்த இடம் பெண்ணின் கைக்கு இல்லை. சீர்திருத்தம் பற்றி ஆராய 2009இல் அமைத்த குழு அறிக்கை கொடுக்க 2018 ஆயிற்று.

'கன்னியின் மௌனமே சம்மதம்' என்பார்கள். கேட்ட பிறகு வரும் மௌனம்தான் சம்மதம். கேளாமலே எடுத்துக்கொண்ட மௌனத்துக்கு வேறு பெயர் உண்டு.

அந்தக் காலம் வேண்டுமென்றால் மதீனாவுக்குப் போவோம். அடிமைத்தளையிலிருந்து விடுதலையான பரீரா, இன்னும் அடிமையாயிருந்த கணவர் முகீஸை விட்டு விலகினார். அவர் தாடி நனைய அழுதுகொண்டு தெருத்தெருவாய் அவர் பின்னால் திரிந்தார். இரக்கப்பட்ட நபிகள் நாயகம் (ஸல்), அவரோடு மீண்டும் சேரலாமே என்றார்கள். 'இது கட்டளையா?' என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் அவர் எனக்கு வேண்டாம் என்றார் பரீரா. யாரும் அவரைக் கண்டிக்கவில்லை.

நேற்றுவரை அடிமையாயிருந்தவருக்கு இருந்த வாய், எங்கள் ராத்தாவுக்கு ஏன் இல்லாமற் போனது? மார்க்கம் கொடுத்ததை அந்தஸ்து பறித்தது. பழியை மார்க்கத்தின் மேலும் விதியின் மேலும் போட்டுவிட்டு நாம் காதல் தோல்விக் கதை எழுதினோம்.

எழுத்தாள நண்பர்களே, விதியைக் கொஞ்சம் விடுங்கள். குபூ பேசிய வாப்பாவை எழுதுங்கள். கைக்கூலி எண்ணிய மாமியை எழுதுங்கள். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு வாய்மூடி நின்ற என் போன்ற தம்பிகளையும் எழுதுங்கள்.