மூன்றாவது வரிசை

பழைய கார் விற்கும் இடத்தில் ஒரு குடும்பம் இன்னோவா கிரிஸ்டா காரைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்தேன். ஆண்கள் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்கள். பாட்டி மட்டும் படியில் கால் வைக்க முடியாமல் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். இன்னோவா இந்தியாவில் 2005இல் வந்தது, 2016இல் கிரிஸ்டா ஆனது. இரண்டும் லாரியைப் போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் நிற்பவை. பின்சக்கரங்கள் தள்ளும் வண்டிகள், டீசலிலும் கிடைத்தவை. எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் அசராத அந்த உழைப்பை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம்தான் தளத்தை உயர்த்திவிடுகிறது. அடுத்து வந்த ஹைகிராஸில் தனிச் சட்டம் கிடையாது, இழுப்பது முன்சக்கரங்கள். பின்னால் சுழலும் தண்டு இல்லாததால் தளம் தாழ்ந்து, மூன்றாவது வரிசையில் கால் நீட்ட இடம் கிடைத்திருக்கிறது. அதில் டீசல் இல்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு. மாதம் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடுபவர்களுக்கு அந்த வருத்தம் நியாயம்தான். குடும்பத்துக்கென்றால், என் ஓட்டு தாழ்ந்த தளத்துக்கே. பணம் பழையதற்குத்தான் வரும் என்றால் அதையே வாங்குங்கள், தவறில்லை. ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் வீட்டின் மூத்தவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.