சமநிலை இருப்பது வேறு, எட்டுவது வேறு

1950இல் ஜான் நாஷ் நிறுவியது ஓர் இருப்புத் தேற்றம். ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையும் அவர்களுடைய தெரிவுகளின் எண்ணிக்கையும் வரம்புக்கு உட்பட்டிருந்தால், எவரும் தனியாக உத்தியை மாற்றிப் பயன்பெற இயலாத நிலை, கலப்பு உத்திகளையும் சேர்த்துப் பார்க்கையில், ஒன்றேனும் இருக்கும் என்பது அதன் சாரம். அந்நிலையை எவ்வாறு அடைவது என்று அது சொல்வதில்லை. ஆயினும் பொருளியல் விவாதங்களில் 'சமநிலை உண்டு' என்ற கூற்று, 'விட்டுவிட்டால் தானாக வந்துவிடும்' என்று உருமாறிவிடுகிறது. மொழியியல் பயின்ற எனக்கு 'உண்டு' என்பதும் 'வரும்' என்பதும் ஒன்றாகத் தோன்றவில்லை.

அடையும் வழியைத் தேடியவர்களின் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. எதிராளி இதுவரை ஆடியவற்றின் விகிதத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ற சிறந்த பதிலை ஒவ்வொரு சுற்றிலும் ஆடும் முறையை 1951இல் ஜார்ஜ் பிரவுன் முன்வைத்தார். ஒருவரின் வெற்றி மற்றவரின் இழப்பாகும் இருவர் ஆட்டங்களில் அது சமநிலையை நெருங்கும் என்று அதே ஆண்டில் ஜூலியா ராபின்சன் நிறுவினார். பிற ஆட்டங்கள் எல்லாவற்றிலும் அந்த உறுதி இல்லை. ஆளுக்கு மூன்றே தெரிவுகள் உள்ள ஆட்டத்திலும் அம்முறை முடிவின்றிச் சுழலக்கூடும் என 1964இல் லாயிட் ஷேப்லி காட்டினார்.

1994இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சாஸ்திரி, ததாச்சார் ஆகியோர் பன்சால்கருடன் இணைந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் கடினமான சூழலை எடுத்துக்கொண்டது. அதில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் அறிவது தம் தெரிவையும் தமக்குக் கிடைத்த பயனையும் மட்டுமே. நல்ல பயன் தந்த தெரிவின் நிகழ்தகவைச் சிறிது கூட்டுவதே கற்றல் விதி. அனைவருக்கும் பயன் பொதுவானால் இவ்விதி சமநிலையை எட்டுகிறது. நலன்கள் வேறுபடும் எல்லா ஆட்டங்களுக்கும் அந்த உறுதி கிடையாது.

'யாரும் ஆணையிடாமலே மொழி ஒழுங்குபடவில்லையா?' என்று கேட்பவர்களுக்கு என் விடையும் இதுவே. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் புரிதல் என்னும் பயன் பெரும்பாலும் பொதுவானது. விலைப்போட்டியில் அப்படி இல்லை. அங்கே இன்று தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும் மென்பொருள்களும் விலை நிர்ணயிக்கின்றன. மொழியிடமிருந்து அந்த நம்பிக்கையைச் சந்தைக்குக் கடன் வாங்க முடியாது.

ஆகவே, சமநிலையைச் சான்றாகக் காட்டும் எவரிடமும் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஆட்டக்காரர்கள் எதை அறிவார்கள்? எந்த விதியின்படி தம்மைத் திருத்திக்கொள்வார்கள்? இத்தகைய ஆட்டத்தில் அவ்விதி ஓரிடத்தில் நிலைகொள்ளுமா? நாஷ் தேற்றத்தைக் கற்பிக்கும் அதே வாரத்தில் ஷேப்லியின் எதிர்க்காட்டையும் பெங்களூரு ஆய்வையும் கற்பித்தால், மாணவர்களே இக்கேள்விகளை எழுப்புவார்கள்.