கல் வளராது, கரும்பு வளரும்!

டில்லியிலே 2024 ஆகஸ்ட் திங்களில் மத்திய அமைச்சரவை ஒரு கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. 'பயோ ஈ-3' என்று பெயர் சூட்டினார்கள். பொருளாதாரம், சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு மூன்றையும் உயிரித் தொழில்நுட்பத்தால் உயர்த்தப் போகிறோம் என்றார்கள். நிலத்துக்கடியிலே கிடக்கும் எண்ணெயையும் கரியையும் மட்டும் நம்பியிராமல் மரம், செடி, கரும்பு, சோளம் இவற்றிலிருந்தே காகிதம், எரிபொருள், மருந்து எல்லாம் எடுப்பது. எடுத்த இடத்திலே மீண்டும் விளைவிப்பது. உயிரியல் பொருளாதாரம் என்பது இதுதான். பெயர் பெரிது. பொருள் நம் பாட்டனுக்குத் தெரிந்ததுதான். அதிலே வரும் வரும்படி யாருக்கு? அதைத்தான் டில்லிக்காரர்கள் சொல்லவில்லை!

இந்தக் கேள்வியோடு பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வாருங்கள், தோழர்களே.

அரியலூர் என்றால் சிமெண்ட். ஒரு காலத்தில் கடல் புரண்ட மண் அது. சிப்பியும் நத்தையும் மடிந்து, படிந்து, சுண்ணாம்புக் கல்லாயின. பெரம்பலூரை அடுத்த சாத்தனூரிலே பதினெட்டு மீட்டர் நீளமுள்ள ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். பல கோடி ஆண்டு வேலை அது! சுண்ணாம்புக் கல்லை வெட்டி, அரைத்து, சுட்டு, மூட்டை கட்டி அனுப்ப எத்தனை நாள் ஆகிறது? ஆலைத் தொழிலாளியைக் கேளுங்கள், சொல்வார்.

1979-ல் அரசின் சிமெண்ட் ஆலை அங்கே எழுந்தது. தனியார் ஆலைகளும் சூழ்ந்தன. வேலை கிடைத்தது; நாம் மறுக்கவில்லை. ஆலையை மூடு என்பதும் நம் கட்சியல்ல. ஆனால் புழுதி யார் மார்பிலே படிந்தது? லாரிச் சக்கரத்துக்கு அஞ்சிச் சாலையோரம் ஒதுங்கி நடப்பது யார் பிள்ளைகள்? வெட்டி முடித்த பள்ளம் வாய் பிளந்து கிடக்கிறது. கல் தீர்ந்த மறுநாள் முதலாளி வேறு ஊர் பார்ப்பார். தொழிலாளி எந்த ஊர் பார்ப்பது?

வளர்வதும் அங்கே உண்டு. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி. பெரம்பலூர்க் கரிசலிலே மக்காச்சோளமும் பருத்தியும். எறையூர்ப் பொதுத்துறைச் சர்க்கரை ஆலையை நம்பிக் கரும்பு. இவை ஆண்டு தவறாமல் திரும்பி வரும் செல்வம்.

கரும்பை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் ஆட்டினால் சர்க்கரை ஏறக்குறைய நூறு கிலோ. சக்கை கால் டன்னுக்கு மேல். கழிவுப் பாகு நாற்பது கிலோவுக்கு மேல். சக்கை குப்பையா? கரூர் மாவட்டத்துப் புகழூரிலே, 1979-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய செய்தித்தாள் காகித நிறுவனம் அந்தச் சக்கையையே காகிதமாக்கிக் காட்டிற்று. மூங்கில் காடுகளை வெட்டாமல் காகிதம் செய்யலாமா என்று கேட்டவர்களுக்குத் தமிழகம் தந்த விடை அது. இன்னொரு செய்தியும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்துத்தான் கொதிகலனை ஓட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சக்கையைக் காகிதத்துக்குப் பெற, அவற்றுக்கு நிலக்கரியும் நீராவியும் ஈடாகத் தர வேண்டியிருந்தது. மரத்தைக் காத்தோம், கரியை எரித்தோம்! புது வழி என்றாலே புனித வழி என்று மேடையேறுபவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

சக்கை காகிதமாயிற்று, மின்சாரமாயிற்று. பாகு சாராயமாயிற்று; இப்போது எத்தனால் என்ற பெயரிலே பெட்ரோலோடு கலக்கிறது. கரும்பு விவசாயிக்குத் தரும் விலையோ சர்க்கரைச் சத்தைப் பார்த்துத்தான் நிர்ணயமாகிறது! கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையிலே 1974-ல் 5-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆலையின் உபரி வருமானத்தில் விவசாயிக்குப் பங்கு என்றது அது. 2009-ல் அதைத் துடைத்தெடுத்தார்கள். 2012-ல் ரங்கராஜன் குழு, சர்க்கரையோடு சக்கை, பாகு வருமானத்தையும் சேர்த்து நூற்றுக்கு எழுபது பங்கு விவசாயிக்கு என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலே இருக்கிறது. எத்தனால் வண்டியிலே ஓடுகிறது.

மக்காச்சோளத்தின் கதை வேறு. 2018-ல் படைப்புழு புகுந்து பெரம்பலூர் வயல்களை மொட்டையடித்தது. தலைநிமிர்ந்த விவசாயிக்கு இப்போது எத்தனால் ஆலைகள் புது வாடிக்கை. விலை ஏறினால் அவருக்கு மகிழ்ச்சி, நமக்கும் மகிழ்ச்சி. ஆனால் நாமக்கல் கோழிப் பண்ணையும் அதே சோளத்தைத்தான் கேட்கிறது. ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024-ல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்யும் நாடாயிற்று. பாட்டாளி வீட்டுக் குழந்தைக்கு எட்டும் சத்துணவு முட்டை. மோட்டாருக்கு ஊற்றுவதற்காக முட்டை விலை ஏறலாமா? மணியை எரிபொருளாக்க ஓடும் வேகத்தில் பாதியையாவது பருத்திமாருக்கும், மணி உதிர்த்த கதிர்ச்சக்கைக்கும் காட்டலாமே. பக்கத்திலேயே சிமெண்ட் சூளைகள் கரி தின்கின்றன. அங்கே அனுப்பினால் காசாகும்.

மரத்துக்கு வருவோம். வனத்தோட்டக் கழகம் 1974-ல் பிறந்தது, தலைமையிடம் திருச்சி. தைலமரம் வளர்த்துக் காகித ஆலைக்குக் கொடுக்கிறது. நல்லது. ஆனால் தைலமரத் தோப்பைக் காடு என்று கணக்கெழுதுவதை நாம் ஏற்க மாட்டோம். காட்டிலே பறவை உண்டு, மூலிகை உண்டு, ஆடு மேய்ப்பவருக்கும் இடமுண்டு. தோப்பு தோப்புத்தான். 23.7 விழுக்காட்டுப் பசுமைப் பரப்பை 33 ஆக்குவோம் என்று 2022-ல் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கிற்று. எதை நட்டு ஆக்குவது என்பதிலேதான் சூட்சுமம்.

முந்திரி மரத்தை ஜெயங்கொண்டத்தாரிடம் கேளுங்கள். பழுப்பு நிலக்கரி மின் நிலையம் என்று சொல்லி 1990-களில் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். கால் நூற்றாண்டு ஓடிற்று. ஒரு விளக்கும் எரியவில்லை! வழக்கு மன்றப் படிக்கட்டுத்தான் தேய்ந்தது. கடைசியில் நிலத்தைத் திருப்பித் தரும் முடிவு வந்தது. அந்த நிலத்திலே முந்திரித் தோட்டத்தை வளர்த்து, கொட்டையைப் பண்ருட்டிக்கு மூட்டையாய் அனுப்பாமல் உள்ளூரிலேயே உடைத்து, தோட்டு எண்ணெயைப் பெயிண்டுக்கும் பிரேக் தகட்டுக்கும் விற்றால் என்ன? அந்த எண்ணெய் பட்டுக் கை வெந்துபோகும் பெண்களுக்குக் கையுறையும் நியாயமான கூலியும் அந்தக் கணக்கிலே முதல் வரியாக இருக்கட்டும்.

பின்லாந்து நாட்டைப் பாருங்கள். நிலத்தில் நான்கில் மூன்று பங்கு காடு. அங்கே பெரும் காகித, மரத் தொழில் குழுமம் ஒன்று கூட்டுறவின் உடைமை. மரம் வளர்க்கும் குடும்பத்தார் ஏறத்தாழ 90,000 பேர் அதன் பங்குதாரர்கள். பனி நாட்டிலே முடிகிறது, முந்திரி நாட்டிலே முடியாதா?

பணம் எங்கே என்பார்கள். 2024 ஜூலையில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிமத்துக்கு வரி போடும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்றது. தமிழ்நாடு கனிம நில வரிச் சட்டத்தை இயற்றி 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே 2024-ன் அக்டோபரில் மற்றோர் ஒன்பது பேர் அமர்வு, தொழிற்சாலைச் சாராயத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் மாநிலத்துக்கு உண்டு என்றது. டில்லி இறுக்கிப் பிடித்திருந்த இரண்டு சாவிகள் கைக்கு வந்துள்ளன! 2015 முதல் சட்டப்படி அமைந்த மாவட்ட கனிம அறக்கட்டளையின் நிதி வேறு இருக்கிறது. தீரும் கல்லிலிருந்து வரும் பணம், தீராத பயிருக்கும் மரத்துக்கும் போகட்டும் என்கிறோம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலே மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. நம் கிளைத் தோழர்கள் அடுத்த கூட்டத்துக்கு விவசாயிகளோடு சேர்ந்து செல்ல வேண்டும். கனிம நிதியிலே இதுவரை முந்திரிக் கூட்டுறவுக்கு எவ்வளவு, மரக்கன்றுக்கு எவ்வளவு, சுரங்கப் பள்ளத்தைச் சீராக்க எவ்வளவு என்று எழுத்திலே கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்கி வாருங்கள்.