காக்கா தலையில் தட்டினால் என்ன பலன்?

கோவைக்கு மேற்கே, மருதமலை கண்ணில் படும் தூரத்தில் இருக்கிறது அந்தக் குடியிருப்பு. அதை 'முதியோர் இல்லம்' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வந்துவிடும். "இல்லம் இல்லைங்க, வீடு. பத்திரம் எங்க பேர்லதான் இருக்கு" என்பார்கள்.

காலை ஆறரை மணிக்கு டைனிங் ஹால் வாசலில் காபி டம்ளரோடு ஒரு கூட்டம் நிற்கும். நாலு பேப்பர்கள் உள்ளே மேஜையில் மடிப்புக் கலையாமல் கிடக்கும். அதற்கு முன்னால் படிக்க வேண்டியது வாசலில் இருக்கிறது. அது ஒரு கரும்பலகை.

எழுதுபவர் 81 வயது போஸ்ட்மாஸ்டர் சார். ரிட்டயர் ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் எல்லோருக்கும் அவர் போஸ்ட்மாஸ்டர்தான். ஆறு மணிக்கே வந்து தேதியை மாற்றி, பலகையை மூன்றாகப் பிரித்து எழுதிவிடுவார். செய்தி, கண்ணில் பட்டது, சிரிப்பு.

'செய்தி: சி பிளாக் லிஃப்ட் சரியாகிவிட்டது. 4-ம் நம்பர் வீட்டுப் பேத்திக்கு டொரண்டோவில் பெண் குழந்தை. தாயும் சேயும் தூங்குகிறார்கள். கொள்ளுப்பாட்டி இன்னும் தூங்கவில்லை.'

'கண்ணில் பட்டது: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மூன்று மயில். ஒன்றுக்குத் தோகை இல்லை. விசாரித்ததில், அது பெண்.'

'சிரிப்பு: டாக்டர் நடக்கச் சொன்னார். கீழே இறங்கினேன், எதற்கு வந்தேன் என்பது மறந்துவிட்டது. மேலே ஏறினேன், ஞாபகம் வந்தது. மறுபடி கீழே. டாக்டர் சொன்ன கணக்கு தினமும் சரியாக முடிகிறது.'

குடைப் போர்

இந்த மே மாதம் முழுக்கப் பலகையை ஆக்கிரமித்தது ஒரு காகம். டைனிங் ஹாலுக்குப் போகும் நடைபாதை மேலே வேப்பமரக் கிளை. அதில் கூடு. கூட்டில் வேப்பங்குச்சியைவிடக் கம்பிகள்தான் அதிகம். இரண்டாவது மாடியில் காணாமல் போன ஹேங்கர் ஒன்று அங்கே தெளிவாகத் தெரிந்தது.

முதல் அடி வாங்கியவர் வங்கி மேனேஜராக இருந்தவர். தலையில் முடி இல்லாததால் சத்தம் நன்றாகக் கேட்டதாம். மயிலாப்பூரில் இருந்து வந்த மாமி உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "காக்கா தலையில தட்டினா சனி தோஷம். எள் தீபம் போடுங்கோ." மறுநாள் தட்டு வாங்கியது மாமியேதான். அதற்கப்புறம் தோஷப் பேச்சு கொஞ்சம் குறைந்தது.

விலங்கியல் பேராசிரியராக இருந்த அம்மா ஒருவர் பி பிளாக்கில் இருக்கிறார். அவர் விளக்கியது இதுதான். கோடையில்தான் காகம் கூடு கட்டி முட்டையிடும். அந்த நாட்களில் கூட்டுக்குப் பக்கத்தில் யார் போனாலும் விரட்டும். முகத்தை ஞாபகம் வைத்திருக்கும் ஜாதி வேறு. அமெரிக்கக் காகங்களை வைத்து வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகமூடி போட்டுக்கொண்டு சோதித்திருக்கிறார்கள். ஒரு முகமூடியோடு போய்க் காகங்களைப் பிடித்து விட்டார்கள். அந்த முகமூடியை எப்போது பார்த்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. வருஷக் கணக்கில்.

"அப்ப நான் முகமூடி போட்டுட்டுப் போறேன்" என்றார் வங்கி சார். "நீங்க குடை பிடிச்சாலே போதும்" என்றார் அம்மா.

மே மாத வெயிலில் எல்லோரும் குடையோடு இட்லி சாப்பிடப் போனார்கள். அமாவாசையன்று அதே காகத்துக்குத்தான் இலையில் சாதமும் வைத்தார்கள். "என் மாமியாரேதான். அந்த நடையைப் பார்த்தாலே தெரியறது" என்றார் மாமி.

சிரிப்பாகவே போயிருக்கும். ஒருநாள் 84 வயதுப் பாட்டி ஒருவர் காகத்துக்குப் பயந்து சட்டென்று ஒதுங்க, கைப்பிடிக் கம்பி மட்டும் இல்லாவிட்டால் விழுந்திருப்பார். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலருக்குப் பழைய நடை திரும்புவதே இல்லை. கிளையை வெட்டிவிடலாம் என்று மேனேஜர் ஆளைக் கூப்பிட்டார். பாதிப் பேர் வெட்டு என்றார்கள், பாதிப் பேர் கூடாது என்றார்கள். வெட்டச் சொன்னவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அதில் இரண்டு பேர் ஏற்கெனவே விழுந்து எழுந்தவர்கள்.

கடைசியில் பேராசிரியை அம்மா சொன்னபடி ஆறு வாரத்துக்கு அந்த நடைபாதையைக் கயிறு கட்டி மூடினார்கள். சுற்றிப் போனால் நாற்பது அடி கூடுதல். ஆனால், அந்தப் பக்கம் சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை உண்டு.

கதை அதோடு முடியவில்லை. காகம் கொஞ்சம் நகர்ந்த நேரம் பார்த்து, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பறவை ஒன்று கூட்டுக்குள் போய் வந்ததை அம்மா பார்த்துவிட்டார். பெண் குயில். காகத்தின் முட்டை போலவே நீலப் பச்சையில் புள்ளி போட்ட முட்டை, அளவு மட்டும் சின்னது. காக முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குயில் முட்டை அதற்கு முன்பே பொரிந்துவிடும். பலகையில் 'வேப்பமரத்தில் வாடகை தராத குடித்தனம்' என்று வந்தது.

பாடுவது ஆண் குயில்தான் என்று அம்மா சொன்னதில் 12-ம் நம்பர் வீட்டில் சின்னச் சண்டையே நடந்தது. ஐம்பது வருஷமாக மனைவியைக் 'குயில்' என்று கூப்பிட்டவருக்கு அது அதிர்ச்சி. மனைவிக்கு அதைவிட அதிர்ச்சி.

மாறாத தேதி

ஜூன் வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கதவுகளை அறைந்து சாத்தும். அப்படிக் காற்றடித்த ஒரு செவ்வாய்க்கிழமை. காபிக்கு வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள். திங்கட்கிழமைத் தேதி. திங்கட்கிழமைச் சிரிப்பு.

"லேட்டா வருவாரா இருக்கும்" என்று ஒருவர் சொன்னார். வங்கி சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். அவரை அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

கதவைத் தட்டியும் திறக்கவில்லை. மாற்றுச்சாவி போட்டுத் திறந்தார்கள். பாத்ரூமில், ஈரத் தரையில் போஸ்ட்மாஸ்டர் சார். விழுந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. சுவரில் அவசரத்துக்கு இழுக்கும் கயிறு இருந்தது. ஆனால், அது கைக்கு எட்டாத உயரத்தில் சுருட்டி முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

முடிச்சுப் போட்டது சுத்தம் செய்ய வரும் பெண். "தொடைக்கறப்ப நனையுதுங்க, அதான் கட்டி வெச்சனுங்க" என்று அழுதுகொண்டே சொன்னார். அவரைத் திட்டப் போனவர்கள், தங்கள் வீட்டுக் கயிற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பாதி வீடுகளில் அதே முடிச்சு. நின்றால் கைக்கு எட்டுகிறதே என்று யாரும் கவனிக்கவில்லை. அதைத் தேடுபவர் பெரும்பாலும் தரையில் கிடப்பார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சாயங்காலத்துக்குள் எல்லாக் கயிறும் அவிழ்ந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தொங்கின.

போஸ்ட்மாஸ்டர் சாருக்கு இடுப்பு தப்பியது. வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டு.

அந்த வாரம் பலகையை ஆளாளுக்கு எழுதினார்கள். தலைமை ஆசிரியையாக இருந்த டீச்சரம்மா, ஆஸ்பத்திரியில் இருந்து அவர் போனில் சொன்னதை எழுதிவிட்டு, எழுத்துப்பிழை இல்லாத முதல் வாரம் இதுதான் என்றும் ஒரு வரி சேர்த்தார்.

மேனேஜர் தன் பங்குக்கு ஒரு 'ஆப்' கொண்டுவந்து காட்டினார். தினமும் காலையில் ஒரு பட்டனை அமுக்கினால் 'நலம்' என்று பதிவாகும். முதல் நாள் ஒன்பது பேர் பாஸ்வேர்டை மறந்தார்கள். இரண்டாம் நாள் மாமி அமுக்கியது அவசரப் பட்டன். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. டிரைவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

ஜூன் கடைசி வாரம், மாவுக்கட்டுக் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு போஸ்ட்மாஸ்டர் சார் ஆறு மணிக்குப் பலகை முன்னால் வந்து நின்றார். சாக்பீஸ் இடது கையில். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

'செய்தி: நடைபாதைக் கயிறு இன்று அவிழ்க்கப்படும். பாத்ரூம் கயிற்றை யாரும் கட்ட வேண்டாம்.

கண்ணில் பட்டது: குயில் குஞ்சு கூட்டை விட்டுக் கிளைக்கு வந்துவிட்டது. காகம் இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கிறது.

சிரிப்பு: இது என் இடது கை எழுத்து. படிக்க முடிந்தவர்கள் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும்.'

மத்தியானச் சாப்பாட்டுக்குள் பலகையில் இடம் போதாமல், பக்கத்துச் சுவர் வரைக்கும் கையெழுத்து போயிருந்தது. சுண்ணாம்பு அடித்து ஒரு மாதம்கூட ஆகாத சுவர். மேனேஜர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.