கட்டைவிரல் பிஸ்கட்டுக்கு பீக்கன் எதுக்கு?

டிசம்பர் வந்தால் போதும், 'ரெட்ரோ தம்ப்பிரின்ட் குக்கீஸ்' என்று ஒரு ஜுரம் கிளம்பிவிடுகிறது. மாவை உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி, குழிக்குள் ஜாமோ மிட்டாயோ. மேட்டர் அவ்வளவுதான். ஆனால் தமிழில் எழுதுகிற செய்முறையில்கூட முதல் வரியே 'பீக்கன் பருப்பு ஒரு கப்'! சின்னசேலத்தில் இருக்கிறவர் அதற்கு எங்கே போவார்? சேலத்துக்கு பஸ் ஏற வேண்டும், இல்லை கூரியர்காரருக்குக் காத்திருக்க வேண்டும். ரெண்டும் முடியாதவர் 'இதெல்லாம் நமக்கு இல்லை' என்று மைதா டப்பாவை மூடிவிடுகிறார். சுத்த அபத்தம்.

ரெட்ரோ என்கிறார்களே, அந்தப் பழங்கதையைத்தான் கொஞ்சம் பார்ப்போமே. ஸ்வீடன்காரர்கள் இந்தக் குழி பிஸ்கட்டுக்கு வைத்த பெயரின் பொருள் 'ராஸ்பெர்ரி குகை'. ஏன்? அவர்கள் ஊரில் விளைவது ராஸ்பெர்ரி. அமெரிக்காவில் 1957-ல் பில்ஸ்பரி மாவுக் கம்பெனி நடத்திய போட்டிக்கு, ஒஹையோ மாநிலத்து ஃப்ரீடா ஸ்மித் வேர்க்கடலை வெண்ணெய் பிஸ்கட் செய்து, நடுவில் ஒரு சாக்லேட் மிட்டாயை அழுத்திக் கொண்டுபோனார். முதல் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அந்த பிஸ்கட்டை அமெரிக்கர்கள் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். கவனிக்கவும், வேர்க்கடலை! சின்னசேலம் சுத்துப்பட்டு காடுகளில் விளைகிற அதே சமாச்சாரம். மிட்டாயும் மளிகைக்கடை மிட்டாய்தான். அந்தம்மா கப்பலில் எதையும் வரவழைக்கவில்லை.

நம் பேக்கரி மாஸ்டர்களுக்கு இது எப்போதோ தெரியும். பிஸ்கட் நடுவில் சிவப்பாக உட்கார்ந்திருக்கும் 'செர்ரி' பெரும்பாலும் பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய். கேலி செய்ய ஒன்றுமில்லை, அதுதான் மூளை! கச்சிராயபாளையத்தில் சர்க்கரை ஆலையை வைத்துக்கொண்டு 'பிரவுன் சுகர்' பாக்கெட்டுக்கு ஆர்டர் போடுகிறவர்களை வேண்டுமானால் கேலி செய்யலாம்.

வெண்ணெய் ரெண்டு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, மைதா மூணு பங்கு. உருட்டி, பாலில் தொட்டு, வறுத்து உடைத்த கடலையில் புரட்டிக் குழி போட்டால் ஆயிற்று. கையில் காசிருந்தால் பண்ருட்டி முந்திரி. ஓவன் இல்லையா? குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, பத்து நிமிஷம் காயவைத்து, தட்டை உள்ளே வைத்து சிறுதீயில் விடலாம். கடலைமிட்டாய்த் துண்டை மட்டும் வெந்து இறக்கிய பிறகு, சூட்டோடு அழுத்த வேண்டும். முன்னாலேயே வைத்தால் வெல்லம் உருகிக் கருகிவிடும்.

பீக்கன் ருசி இதில் வராது என்பார்கள். வராதுதான். கடலைமிட்டாய் ருசியும் பீக்கனில் வராதே. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி மிட்டாயை வைத்துக்கொண்டு எதற்கு இந்தத் தாழ்வு மனப்பான்மை?

ஒரு குறை உண்டு, ஒத்துக்கொள்ள வேண்டும். மழைநாளில் வெல்லம் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது ஒரு பிரச்சினையா என்ன?