கொடுக்கும் கைகள் உண்டு. சேர்த்து வைக்கும் பெட்டி எங்கே?

பல்கலைக்கழகத்தில் பதிந்துகொள்ள நான் புறப்பட்ட நாளுக்கு முந்திய இரவு, எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பழைய பிஸ்கட் டின் ஒன்றை எங்கள் வீட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே 1,340 வெள்ளி இருந்தது. பத்தும் இருபதுமாக மடித்த நோட்டுகள், அடியில் சில்லறை. இன்னும் லயத்தில் இருக்கும் சில குடும்பங்களும், தோட்டத்தை விட்டு வெளியேறி ரந்தாவிலும் சிரம்பானிலும் தாமான் வீடுகளில் குடியிருப்பவர்களும் போட்ட பணம் அது. கல்விக் கடன் பின்னால் வரும் என்றாலும், மடிக்கணினிக்கும் பேருந்துச் செலவுக்கும் முன்பணத்துக்கும் அந்த டின்தான் கைகொடுத்தது. இந்தக் கட்டுரையை எழுதும் மடிக்கணினியும் அந்தப் பணத்தில் வாங்கியதுதான்.

மறு ஆண்டு, எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுத் தங்கைக்கு வேறு மாநிலத்தில் உள்ள போலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. தமிழ்ப்பள்ளியிலும் சரி, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் சரி, என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் அந்த ஆண்டு எங்கள் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்ததை ஏற்கெனவே கொடுத்திருந்தது. அதே டின் வீடு வீடாகப் போய் 210 வெள்ளியோடு திரும்பியது. "ஒரு வருஷம் வேல செஞ்சி காசு சேத்துட்டுப் போறேங்க்கா" என்று சொல்லி அவள் செனாவாங்கில் உள்ள ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

எனக்கும் அவளுக்கும் இடையில் இருந்த வேறுபாடு திறமையில் இல்லை, முயற்சியில் இல்லை. நான் ஓர் ஆண்டு முந்திப் பிறந்தேன், அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் எதிர்காலம் கோயில் திருப்பணி எந்த ஆண்டு வருகிறது என்பதைப் பொறுத்து அமையலாமா? இந்தக் கேள்வியைத்தான் நண்பர்களே, உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தோட்டப்புற மக்களுக்குக் கொடுக்கும் மனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் மொய், சாவு வீட்டில் வசூல், திருவிழாவில் பத்து நாள் உபயம், தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம் என்று ஆண்டு முழுவதும் கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள் நம்மவர்கள். நாள்கூலி வாங்கிய காலத்திலும் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்த பணம் அன்றே செலவாகிவிடுகிறது. அடுத்த தேவை வரும்போது மீண்டும் வெறும் டின்னோடு முதல் வீட்டிலிருந்து தொடங்குகிறோம்.

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்றும் ஈகை என்றும் இரண்டு தனித்தனி அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். இல்லாத ஒருவருக்குக் கொடுப்பது ஈகை. ஊருக்கெல்லாம் பயன்படும்படி வாழ்வது ஒப்புரவு. நம்மிடம் ஈகை நிறைய உண்டு. ஒப்புரவை அமைப்பாகக் கட்டி எழுப்புவதில்தான் நாம் பின்தங்கிவிட்டோம் என்பது என் கருத்து.

முன்பு அப்படி யாரும் முயலவில்லையா? முயன்றார்கள். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக்கி விற்றார்கள். பேராசிரியர் உங்கு அசிஸ் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். வேலையும் வீடும் ஒன்றாக இருந்த தொழிலாளர்களுக்கு இரண்டும் ஒரே நாளில் போயின. அந்த நேரத்தில்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்குங்கள் என்று கேட்டார். பால்மரம் சீவியவர்கள் கட்டினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அடுத்தடுத்து மேலும் பல தோட்டங்கள் வந்தன. தொழிலாளியின் பத்து வெள்ளி தனியாக இருந்தால் ஒரு வாரத்து அரிசி. ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு தோட்டம்! அந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்றும் இருக்கிறது.

இதற்கு மாறான கதைகளும் உண்டு. 1907-இல் ஆங்கில ஆட்சி தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றை ஏற்படுத்தியது. தமிழ்த் தொழிலாளர்களை வேலைக்கு வைத்த முதலாளிகளிடம் வரி வசூலித்து, அந்தப் பணத்தில் மேலும் தொழிலாளர்களைக் கப்பலேற்றி வந்தார்கள். 1958-இல் அதில் எஞ்சியிருந்தது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயரில் தொழிலாளர் நலனுக்கென்று ஒதுக்கப்பட்டது. 1999-இல் ஒரு சட்டத்தின் வழி அந்த நிதி கலைக்கப்பட்டு, அதன் சொத்து அரசாங்கத்திடம் போய்ச் சேர்ந்தது. நம் தாத்தா பாட்டிகளின் உழைப்பை வைத்துச் சேர்ந்த பணம் அது. ஆனால் அப்படியொரு நிதி இருந்ததைக் கேள்விப்பட்ட ஒருவரைக்கூட எங்கள் தோட்டத்தில் நான் சந்தித்ததில்லை. 1982-இல் தொடங்கப்பட்ட மைக்கா நிறுவனத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பங்கு வாங்கினார்கள். ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு திரும்பக் கிடைத்ததே பெரிய செய்தியாக இருந்தது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பணம் எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட, அதைப் பற்றி யார் முடிவெடுத்தார்கள், கொடுத்தவனுக்குக் கணக்குத் தெரிந்ததா என்பதே முக்கியம்.

இதே சிக்கலைச் சந்தித்த மற்றச் சமூகங்கள் என்ன செய்தன என்று தேடியபோது, நான் எதிர்பாராத ஓரிடத்தில் விடை கிடைத்தது. யூதர்களிடையே 'கூப்பா' என்றொரு பழைய ஊர்ப்பொது நிதி உண்டு. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட அவர்களுடைய மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு அதற்கு ஒரு விதி வகுத்திருக்கிறது: வசூலிக்க இருவர் போக வேண்டும், பகிர்ந்து கொடுக்க மூவர் உட்கார வேண்டும். ஒருவரே வசூலித்து ஒருவரே கொடுக்கும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற அறிஞர் கொடையை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தினார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதது உயர்ந்த படி. ஒருவரைத் தம் சொந்தக் காலில் நிற்க வைப்பது எல்லாவற்றிலும் உயர்ந்த படி.

அந்த மரபிலிருந்து வந்தவர்கள்தாம் 1895-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தங்கள் அறநிலையங்களுக்கு ஒரே வசூல் என்று ஏற்பாடு செய்தார்கள். 1914-இல் கிளீவ்லாந்து நகரில் பொதுவான சமூக அறவாரியம் ஒன்று தோன்றியது. இன்று அந்நாட்டின் பல நகரங்களில் யூதச் சமூக அறவாரியங்கள் இயங்குகின்றன. அவை இயங்கும் முறை எளிமையானது. குடும்பங்கள் தங்கள் பெயரிலோ, மறைந்த பெற்றோர் பெயரிலோ அங்கே ஒரு நிதியைத் தொடங்குகின்றன. அறவாரியம் எல்லாவற்றையும் ஒன்றாக முதலீடு செய்கிறது. நிலையான நிதிகளில் முதலைப் பெரும்பாலும் தொடாமல், வருமானத்திலிருந்து மானியம் கொடுக்கிறது. உதவி வேண்டும் அமைப்புகள் விண்ணப்பம் செய்கின்றன. ஒரு குழு அவற்றைப் பரிசீலிக்கிறது. கொடுத்தவர் இறந்த பிறகும் அவருடைய கொடை தொடர்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் பாருங்கள். சிங்கப்பூரில் 1991-இல் தொடங்கப்பட்ட சிண்டாவுக்கு, வேலை செய்யும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை போகிறது. குறைந்த சம்பளக்காரருக்கு 1 வெள்ளி. மிக உயர்ந்த சம்பளக்காரருக்கு 30 வெள்ளி. வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அந்தப் பணம் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புகளுக்கும் குடும்ப நலனுக்கும் போகிறது. நம் மாநிலத்திலேயே, சிரம்பான் சுங் ஹுவா சீனத் தனியார் இடைநிலைப்பள்ளி தலைமுறை தலைமுறையாகச் சீனச் சமூகத்தின் கொடையில் நிற்கிறதே, அதை நாம் தினமும் கடந்துதானே போகிறோம்?

இதைப் படிக்கும் சிலர், "இதெல்லாம் அரசாங்கத்தின் கடமை அல்லவா?" என்று கேட்கலாம். ஆம், கடமைதான். அதை நாம் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால் அரசாங்க மானியத்துக்கு அரசாங்கத்தின் கால அட்டவணை உண்டு. ஆட்சி மாறினால் திட்டத்தின் பெயரும் மாறும். ஒரு பிள்ளைக்குப் பதிவு நாள் அடுத்த திங்கட்கிழமை என்றால், அந்த வெள்ளிக்கிழமைக்குள் உதவக்கூடியது உள்ளூர் நிதி ஒன்றுதான். வேறு சிலர், "கோயிலுக்குக் கொடுப்பதைத் தடுக்கப் பார்க்கிறாயா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை. நம் மக்களால் பணம் சேர்க்க முடியும் என்பதை எனக்குக் காட்டியதே கோயில்தான். பத்து நாள் திருவிழாவில் பத்து உபயம் இருக்கும்போது, பதினோராவதாகக் கல்வி உபயம் ஒன்று இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். அந்த உபயக்காரருக்கும் மாலை போடுங்கள்.

இனி, எங்கள் தோட்டத்தை வைத்தே ஒரு கணக்குப் போடுகிறேன். நெகிரி செம்பிலானில் ரப்பர் காடு செம்பனையாகி, செம்பனைக் காடும் செண்டாயானிலும் நீலாயிலும் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. தோட்டம் போனாலும் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வேலை செய்யும் பழைய பிள்ளைகள் 60 பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். ஆளுக்கு மாதம் 10 வெள்ளி. அறுபது ஆண்டுகளுக்கு முன் சம்பந்தன் கேட்ட அதே பத்து வெள்ளி. இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ஆண்டுக்கு 7,200 வெள்ளி சேரும். அதில் பாதியை அந்த ஆண்டே பிள்ளைகளுக்குக் கொடுப்போம். மீதி 3,600 வெள்ளியைத் தொடாமல் வைப்போம். பத்து ஆண்டில் முதல் மட்டும் 36,000 வெள்ளி. அதற்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு கிடைத்தால் 1,440 வெள்ளி. அதாவது, அதன் பிறகு யாருமே ஒரு காசும் கொடுக்காவிட்டாலும், எனக்குக் கிடைத்த பிஸ்கட் டின் ஒவ்வோர் ஆண்டும் தானாக நிறையும். கும்பாபிஷேகம் வந்தாலும் நிறையும்.

இதைத் தொடங்கப் பெரிய மண்டபமோ, 'தத்தோ' பட்டமோ தேவையில்லை. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கமாகப் பதிவு செய்யலாம். வளர்ந்த பிறகு அறவாரியமாக மாற்றிக்கொண்டு, வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அனுமதி கிடைத்தால், கொடுப்பவருக்கும் வரிக்கழிவு உண்டு. விதிகளும் அதிகம் வேண்டாம். வசூலிப்பவர் இருவர், முடிவெடுப்பவர் மூவர். சொந்தக்காரப் பிள்ளையின் விண்ணப்பம் வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போக வேண்டும். எந்தக் கட்சி, எந்தச் சாதி என்ற கேள்வி பாரத்தில் இருக்கக் கூடாது. வரவு செலவைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பெற்ற பிள்ளையின் பெயரை ஒட்டக் கூடாது. டின் வீடு வீடாகப் போகும்போது ஒரு குடும்பத்தின் இல்லாமையும் சேர்ந்தே வீடு வீடாகப் போகிறது. அந்தத் தங்கையின் அம்மா இரண்டாம் முறை டின்னைச் சுற்ற விட வேண்டாம் என்று சொன்னதற்கு அதுதான் காரணம்.

கணக்கு ஒட்ட வேண்டும் என்று சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று என் பாட்டியிடம் கேட்டேன். முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் சீவியவர். படிக்கத் தெரியாது. "குடுத்த காசுக்குக் கணக்கு கேட்டா என்னடி தப்பு? பால் ஸ்டோர்ல கிராணி எட போடறப்போ தெனமும் எட்டிப் பாத்துதான் நாங்க வாளிய எடுப்போம்" என்றார். அந்த எட்டிப் பார்க்கும் பழக்கம் நம் பொது அமைப்புகளுக்குள்ளும் வர வேண்டும்.

இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கும் உங்கள் ஊரில் ஒரு பிஸ்கட் டின் இருந்திருக்கும். பட்டம் வாங்கிய பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பகுதி நேர வேலையில் எனக்கு வரும் பணத்திலிருந்து முதல் பத்து வெள்ளியைச் சென்ற மாதம் எடுத்து வைத்துவிட்டேன். எங்கள் குழுவில் இதுவரை ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். இன்னும் ஐம்பத்து மூன்று பேர் வேண்டும். எட்டாவதாகச் சேர விரும்புவதாக நேற்று ஒரு தகவல் வந்தது. செனாவாங்கிலிருந்து.